எங்கள் பிள்ளைகளைக் கடையில் வேலை பழக விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அடுத்து எந்தக் கல்லூரி என்று வீட்டுக்கு வீடு பேச்சு ஓடுகிறது. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், 18 வயது முடியும்போது வருகிற கேள்வி வேறு. நாளையிலிருந்து இவன் பகலெல்லாம் எங்கே இருப்பான்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அதற்கப்புறம் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில்தான். ஈரோட்டில் சிறப்பு ஆசிரியராக இருக்கும் எனக்கு இதைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை.

பள்ளியில் தொழிற்பயிற்சி இல்லாமல் இல்லை. பேப்பர் கவர், மெழுகுவர்த்தி, பினாயில், சாம்பிராணி என்று கைக்கு வேலை பழக்குகிறோம். ஆனால் ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் செய்வதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய சிரமம். அதனால் கடை வேலையைக் கடையில் வைத்துத்தான் பழக்க வேண்டும்.

எங்கள் பையன் ஒருவனை ஒரு ஜவுளி குடோனுக்கு அழைத்துப் போனோம். துண்டுகளை மடித்து டஜன் டஜனாகக் கட்டும் வேலை, அவனுக்கோ ஐந்துக்கு மேல் எண்ண வராது. மேஜையில் சாக்பீஸால் 12 கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு துண்டு வை, எல்லாக் கட்டமும் நிறைந்தால் எடுத்துக் கட்டு என்று காட்டினோம், பிடித்துக்கொண்டான். நூல் பிரிந்த துண்டு வந்தால் தனியே எடுத்து வைத்தான், அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. முதலில் அவனிடம் பேசவே தயங்கிய குடோன் அண்ணன், கொஞ்ச நாளில் "தம்பி, டீ வந்துருச்சு வா" என்று கூப்பிட ஆரம்பித்தார். நாலு பேரோடு நின்று டீ குடிப்பதும் வேலை பழகுவதில் சேர்த்திதான், அதை வகுப்பறையில் எப்படிச் சொல்லித் தருவது?

கடைக்காரர்கள் யாரும் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதில்லை. "பாவங்க, ஒரு நாள் சாப்பாட்டுக்குக் காசு குடுத்துடறேன், கடைக்கெல்லாம் எதுக்குங்க" என்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் நாங்கள் கேட்பது சாப்பாடு இல்லை. வாரத்தில் இரண்டு நாள், கூட்டம் இல்லாத முற்பகலில் இரண்டு மணி நேரம், ஒரே ஒரு வேலை, அவ்வளவுதான். முதலில் ஆசிரியர் கூடவே நிற்பார், பையனுக்குப் பழகப் பழக விலகிக்கொள்வார். அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்பது நியாயம். பள்ளி, பெற்றோர், கடைக்காரர் மூவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, காப்பீடும் எடுத்துவிட்டால் அந்தப் பயம் பாதி குறையும். அதேபோல் பயிற்சிக்கு ஒரு கெடுவும் வேண்டும். கெடு முடிந்தும் வேலை வாங்கினால் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும், வருடக்கணக்கில் சும்மா வேலை வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவினருக்குச் சேர்த்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்துத் தேர்வே எழுத முடியாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? தனியார் நிறுவனங்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி முதலாளிகளுக்கு ஊக்கச் சலுகை தரச் சொல்லும் 35ஆம் பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது, எங்கள் ஊரில் நான் பேசிய கடைக்காரர்கள் யாரும் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் மற்ற மாணவர்களை வேலைக்குத் தயார் செய்வதுபோல், சிறப்புப் பள்ளி மாணவர்களுக்கும் 16 வயதிலிருந்தே இந்தக் கடைப் பயிற்சியைப் பாடத்தோடு சேர்க்க வேண்டும். இப்போது ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் வணிகர் சங்கங்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசி, எந்தக் கடையில் என்ன வேலை பழகலாம் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் எத்தனையோ அலைச்சல் மிச்சம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கும் கடைக்காரர்கள் பக்கத்துச் சிறப்புப் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, என்ன வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் நேரில் வந்து பேசுகிறோம்.

ஒரு சிறப்பு ஆசிரியர்,
ஈரோடு