மூன்றாம் பக்கம்

தம்பி செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் கோயிலுக்கு நடந்துதான் போவேன் என்கிறாள். மாடிச் சுவர் லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கிழக்குத் தெரு பாபு வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறான். இந்தக் கடிதத்தோடு அம்மா வடகம் கொடுத்துவிடுகிறாள். அவன் ஒரு கிலோவுக்கு மேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அதனால் பாட்டி ஊறுகாய் இந்தத் தடவை இல்லை.

மூன்று வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. வேலை இருக்கும். ரேவதியிடம் தினமும் பேசுகிறாய், அது போதும். அவள்தான் நீ அனுப்பிய வேலைக் கான்ட்ராக்ட் ரினியூவல் பேப்பரை எனக்குக் காட்டினாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் பிடுங்காத குறையாகக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கம் தெளிவாக விழுந்திருக்கிறது. மூன்றாவது பக்கம் கை ஆடிக் கலங்கிப்போய் ஒரு வரியும் படிக்க முடியவில்லை. எனக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான். நோட்டீஸ், அதாவது வேலையை விட எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அங்கேதான் இருக்கும்.

இரண்டு வருஷம் என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தானே தயங்குகிறாய்? கையெழுத்துப் போட்டால் இரண்டு வருஷம் கட்டிப் போட்டுவிடுவார்கள், நடுவில் வேறு வேலை கிடைத்தாலும் போக முடியாது என்று. நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் அது உண்மை. அமீரகத்தின் 1980ஆம் வருஷச் சட்டத்தில் லிமிடெட் கான்ட்ராக்ட்டை, அதாவது முடியும் தேதி போட்டதை, முடியும் முன் உடைத்தவனுக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்காவிட்டால் சர்வீஸ் காசு, வேலையை விடும்போது தருகிற கிராஜுவிட்டி, ஒரு பைசா கிடையாது. 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருக்கும் புதுச் சட்டத்தில் அது போய்விட்டது. இப்போது எல்லாமே தேதி போட்ட கான்ட்ராக்ட்தான். ஆனால் நியாயமான காரணத்தை எழுத்தில் சொல்லி, நோட்டீஸ் கொடுத்து, அந்த நாட்களை முழுக்க வேலை பார்த்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஒரு வருஷம் முடித்தவன் தானாக விலகினாலும் சர்வீஸ் காசு முழுசாக வரும்.

ஆகவே உன்னைக் கட்டுவது வருஷக் கணக்கு இல்லை, நோட்டீஸ் நாள் கணக்கு. 30 நாளுக்குக் குறையக் கூடாது, 90 நாளுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். இந்த இடைவெளியில் கம்பெனி எதை வேண்டுமானாலும் போடும். வேலை தேடுகிறவனுக்கு 90 என்றால் கழுத்தில் கல்லைக் கட்டின மாதிரி. புதுக் கம்பெனிக்காரன் முதலில் கேட்பது எப்போது சேர முடியும் என்பதைத்தான். மூன்று மாசம் ஆகும் என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவான். நோட்டீஸ் நாட்களை முடிக்காமல் போனால் மிச்ச நாளின் சம்பளத்தை நீ அவர்களுக்குக் கட்ட வேண்டும், அதுவும் அலவன்ஸ் சேராத பேசிக்கை வைத்து இல்லை, முழுச் சம்பளத்தை வைத்து. பழைய கான்ட்ராக்ட்டில் உனக்கு 30தான் இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. புதிதில் 60 என்றோ 90 என்றோ மாற்றியிருந்தால், முன்பு இருந்தபடியே 30 போடுங்கள் என்று மெயிலில் கேள். வாயால் கேட்காதே.

சம்பளத்துக்கு வருகிறேன். 5,500 திர்ஹாமை 6,000 ஆக்கியிருக்கிறார்கள் என்று ரேவதிக்குச் சந்தோஷம். இரண்டாம் பக்கத்தை நீ சரியாகப் பார்த்தாயா? பேசிக் 3,000 இருந்ததை 2,500 ஆக்கிவிட்டு அலவன்ஸைத் தூக்கியிருக்கிறார்கள். சர்வீஸ் காசு கடைசியாக வாங்கின பேசிக்கை வைத்துத்தான் போடுவார்கள், நீ உழைத்து முடித்த நான்கு வருஷத்துக்கும் சேர்த்து. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள், அதற்குப் பிறகு 30 நாள். ஆறு வருஷம் முடித்தால் 135 நாள். 3,000 பேசிக்கில் 13,500 வரும், 2,500 பேசிக்கில் 11,250. போனது 2,250. ஓவர்டைமும் பேசிக்கில்தான் ஓடும். மாசம் 40 மணி நேரம் என்று வைத்தால், மணிக்கு 15 திர்ஹாம் 62 பில்ஸ் வந்தது 13 திர்ஹாம் 2 பில்ஸாகக் குறையும். இரண்டு வருஷத்தில் அது ஒரு 2,500. கூட்டிக் கொடுக்கிற 500ஐ 24 மாசத்துக்குப் போட்டால் 12,000. அதில் 4,750ஐ இந்தக் கையால் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். உயர்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. 7,250 நிற்கிறது, அதுவும் காசுதான். ஆனால் எச்ஆரிடம் போய், "பேசிக் 3,000ஐத் தொடாதீங்க, 500ஐ அலவன்ஸ்லயே போடுங்க" என்று கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது ஒத்துக்கொள்வார்கள். ரெவிட் வரைபட சாப்ட்வேர் தெரிந்த ஆளை விட்டுவிட்டுப் புதிதாக ஒருவனை எடுத்து, விசா அடித்து, வேலை பழக்குவதற்கு இதைவிட அதிகம் செலவாகும்.

இரண்டு வருஷம் பாலிடெக்னிக்குக்கே போகாமல் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நீ. இன்று ஏசி டக்ட் லேஅவுட் என்றால் உன்னைத்தான் கேட்கிறார்கள் என்று பாபு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறான். நான் கேட்டும் கேட்காத மாதிரிதான் போகிறேன்.

ஐந்து வருஷம் ஓட்டிவிட்டால் சர்வீஸ் காசு பெருகும் என்று உன் ரூமில் யாரோ சொன்னதாகச் சொன்னாயே, அதை நம்பி உட்காராதே. ஐந்தைத் தாண்டினால் தாண்டின வருஷத்துக்கு மட்டும்தான் 30 நாள், பின்னால் போன ஐந்துக்கு அதே 21தான். 3,000 பேசிக்கில் வித்தியாசம் வருஷத்துக்கு 900 திர்ஹாம். அதற்காகப் பிடிக்காத இடத்தில் கிடப்பதா?

பிடிக்காத இடமா என்பதும் எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸப்பில் நீ இருந்ததாகக் காட்டுகிறது. அங்கே அப்போது பன்னிரண்டரை. சரி.

வேலை தேடுகிற முறையைச் சொல்கிறேன், வரிசை தப்பாமல் செய். புது இடத்தில் வா வா என்று போனில் சொல்வது வேலை இல்லை. தொழிலாளர் மினிஸ்ட்ரியின் ஆஃபர் லெட்டர் நம்பரோடு வந்து, அதை உன் போனில் அவர்கள் ஆப்பில் நீயே பார்த்து, பேசிக்கையும் நோட்டீஸையும் படித்து, கையெழுத்து ஆன பிறகுதான் இங்கே ராஜினாமா. பின்னால் வரும் கான்ட்ராக்ட் அந்த ஆஃபர் லெட்டரைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்பது சட்டம். விசா செலவு, ஆள் பிடிக்கிற செலவு எதையும் உன்னிடம் கேட்கக் கூடாது. இரண்டு நாள் வந்து வேலை செய்து காட்டு, பிறகு பேப்பர் போடலாம் என்று எவனாவது கூப்பிட்டால் போகாதே. பெர்மிட் இல்லாமல் வேறு சைட்டில் பிடிபட்டால் அவனோடு நீயும் மாட்டுவாய்.

அங்கே போனால் புரொபேஷன், ஆளைச் சோதித்துப் பார்க்கிற காலம், ஆறு மாசம் வரை வைக்கலாம். அந்த ஆறு மாசத்துக்குள் 14 நாள் நோட்டீஸில் உன்னை அனுப்பிவிட அவனுக்கு உரிமை உண்டு. நீயாக அதற்குள் அந்த நாட்டிலேயே இன்னொரு கம்பெனிக்குத் தாவினால் ஒரு மாச நோட்டீஸ், போதாததற்கு மூன்றாவது கம்பெனி இரண்டாவது கம்பெனிக்கு ஆளெடுத்த செலவைக் கட்ட வேண்டும். ரினியூவலில் அந்தப் பயம் இல்லை. ஒரே முதலாளியிடம் இரண்டாம் தடவை புரொபேஷன் கிடையாது. அதனால் புது இடம் 300, 400 திர்ஹாம்தான் கூடுதல் என்றால் நான் நகர மாட்டேன். ஆயிரம் என்றால் யோசிப்பேன். மாசம் ஐந்து திர்ஹாம் கட்டுகிற வேலையிழப்பு இன்சூரன்ஸை நம்பி எந்தக் கணக்கும் போடாதே. ராஜினாமா செய்தவனுக்கு அது வராது. அவர்கள் நீக்கினால்தான் வரும், தொடர்ந்து 12 மாசம் கட்டியிருந்தால்தான் வரும், 30 நாளுக்குள் கேட்டால்தான் வரும். வந்தாலும் பேசிக்கில் 60 சதவீதம், மூன்று மாசம். கட்டுவதை மட்டும் விடாதே, மூன்று மாசத்துக்கு மேல் விட்டால் 200 திர்ஹாம் அபராதம்.

இன்னொன்று. கையெழுத்தும் போடாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் பேப்பரை மேஜை டிராயரில் வைத்துவிட்டு நாளைக் கடத்துவது உன் சுபாவம். சின்ன வயசில் மார்க் ஷீட்டையும் அப்படித்தான் செய்வாய். கான்ட்ராக்ட் முடிந்த பிறகும் நீ வேலை செய்து அவர்களும் வேலை வாங்கினால் பழைய ஷரத்துகளிலேயே நீண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அது சரி. ஆனால் லேபர் பெர்மிட்டும் விசாவும் தானாக நீளாது. கான்ட்ராக்ட் தேதி, பெர்மிட் தேதி, எமிரேட்ஸ் ஐடி தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. பாஸ்போர்ட்டில் ஆறு மாசத்துக்கு மேல் இருக்கிறதா என்றும் பார். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் மெயிலில் எழுது. கேன்சல் ஆகிவிட்டால் அதற்குப் பிறகு நாட்டில் இருக்க எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கேன்சலேஷன் பேப்பரில் உள்ள தேதியைத்தான் நம்ப வேண்டும், கூட இருக்கிறவன் சொல்வதை இல்லை. தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹாம்.

கடைசிக் காசு விஷயம். வேலை முடிந்த 14 நாளுக்குள் சம்பளப் பாக்கி, லீவு காசு, சர்வீஸ் காசு எல்லாம் கொடுத்துவிட வேண்டும். பேங்கில் விழுந்த மெசேஜைப் பார்க்காமல் எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்கிற தாளில் கையெழுத்துப் போடாதே.

அந்தத் தாள் எனக்கு நன்றாகத் தெரியும் தம்பி. அங்கே கம்பெனி டைம் ஆபீஸில் அதை டைப் அடித்தவன் நான். மேலே அரபி, கீழே இங்கிலீஷ், நாலே வரி. வந்து நிற்கிறவனுக்கு இரண்டும் தெரியாது. அவன் பாஸ்போர்ட் என் இடது கைக்குக் கீழே இருக்கும், நீல மை டப்பா வலது பக்கம். எவ்வளவு அண்ணே வரும் என்று கேட்பான். தேதி போடாத கான்ட்ராக்ட்டில் ஒரு வருஷம் முடித்து, மூணு வருஷம் ஆகாமல் ராஜினாமா கொடுத்தவனுக்கு அன்றைக்கு மூன்றில் ஒரு பங்குதான், அதிலும் நம்ம கம்பெனி பிடித்தம் போக என்ன நிற்கும் என்று எனக்குத் தெரியும். தொகையைச் சொல்ல மாட்டேன். "முதல்ல கையெழுத்தைப் போடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்பேன். நம் ஊர்க்காரர்களிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர்களில் இரண்டு பேர் இன்னும் டீக்கடையில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்.

போன தடவை போனில் உன்னிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். "முதல்ல கையெழுத்தைப் போடு, அப்புறம் பாத்துக்கலாம்." நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். வைத்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. உன் அம்மா பக்கத்தில் இருந்தாள், அவளிடமும் நான் சொல்லவில்லை.

மாடிக்காகத்தான் அப்படிச் சொன்னேன். கூரை போட இன்னும் நாலரை லட்சம் ஆகும் என்றார் கொத்தனார், ரினியூவல் வந்தால் ஆறே மாசத்தில் முடித்துவிடலாம் என்று நான் மனக்கணக்குப் போட்டுவிட்டேன். இப்போது அவரைத் தை வரைக்கும் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, துருப்பிடிக்காமல் சிமென்ட் பால் அடித்திருக்கிறோம். மழைக்கு ஒன்றும் ஆகாது. மாடியைக் கணக்கில் வைத்து நீ எதுவும் முடிவு செய்ய வேண்டாம்.

உன் டிப்ளமோ அசல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அட்டெஸ்டேஷன் முத்திரையோடு. புது இடத்தில் கேட்டால் சொல், ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன். அசலை யார் கையிலும் கொடுத்துவிட மாட்டேன், பாபு கையிலும்தான்.

திரும்பவும் சொல்கிறேன், நோட்டீஸ் 30 நாள். பேசிக் 3,000. இரண்டையும் மெயிலில் கேள். இரண்டும் கிடைத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேடு, அதில் துரோகம் ஒன்றும் இல்லை, நோட்டீஸ் என்று ஒன்றை வைத்திருப்பதே அதற்குத்தான். 90ஐ விட்டு இறங்க மாட்டோம் என்றால், ஆஃபர் கையில் வருகிற வரை இன்னும் ஒரு வாரம் டயம் கேள். எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாலும் சரி, வந்து பேசிக்கொள்ளலாம்.

வடகத்தை வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு டப்பாவில் அடை, ஈரம் கோத்திருக்கும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். மூன்றாம் பக்கத்தை டியூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் வைத்து, கை ஆடாமல் போட்டோ எடுத்து ரேவதிக்கே அனுப்பு. அவளிடம் வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா