மார்பகப் புற்றுநோய்: எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் மார்பகப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டி இருக்கிறதா என்று எப்படித் தடவிப் பார்ப்பது, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எப்போது எடுப்பது, நோயின் நான்கு நிலைகள் என்னென்ன என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். மலேசியப் பெண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் இதுதான். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்றாம், நான்காம் நிலையில்தான் நோய் தெரிய வந்திருக்கிறது. ஆகவே அந்தக் கட்டுரையை இன்னும் எத்தனை முறை வெளியிட்டாலும் தகும். ஆனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நோய் திரும்பி வந்தால் உடம்பில் எந்த இடத்தில் தலைகாட்டும், எத்தனை வருஷம் கழித்து வரும் என்பதை அவளுக்கு யார் சொல்வது? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பினாங்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போதும் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் மருத்துவமனைக்குத் துணைக்குப் போகிறேன். டாக்டர் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பார்கள். எத்தனையாவது நிலை என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். "ரெண்டாவது ஸ்டேஜ் மிஸ்ஸி" என்று உடனே பதில் வரும். எந்த வகை என்று கேட்டால் பக்கத்தில் இருக்கிற மகளைப் பார்ப்பார்கள். அப்புறம் பையிலிருந்து பிளாஸ்டிக் ஃபைல் வெளியே வரும். மருத்துவமனைக் கார்டு, ரத்தச் சோதனைச் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த பயாப்சி அறிக்கை, அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டுச் சதை எடுத்துச் சோதித்த முடிவு. அந்தத் தாளில் மூன்று பெயர்கள் இருக்கும்: இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. ஒவ்வொன்றுக்கும் எதிரே பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்று போட்டிருக்கும். முதல் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை. மூன்றாவது, புற்றுச் செல்லை வேகமாக வளரத் தூண்டுகிற ஒரு புரதம். என்ன மருந்து கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பதில் இந்த மூன்றுக்கும் பெரிய பங்கு உண்டு. நோய் பரவினால் எங்கே போகும் என்பதற்கும் இவற்றில்தான் நிறையத் துப்பு இருக்கிறது.

1889-ல் ஸ்டீஃபன் பேஜெட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தார். ரத்தம் ஓடுகிற உறுப்புகளுக்கெல்லாம் நோய் ஒரே அளவில் போகவில்லை. ஈரலில் அடிக்கடி இருந்தது, மண்ணீரலில் அபூர்வமாகவே இருந்தது. புற்றுச் செல்லை விதையாகவும் உறுப்பை மண்ணாகவும் வைத்து, விதை எல்லாத் திசைக்கும் பறந்தாலும் ஏற்ற மண்ணில் விழுந்தது மட்டுமே முளைக்கும் என்று அவர் சொன்னார். அவர் சொன்னதைத்தான் இன்றைய மருத்துவம், விதையிலும் பல வகை உண்டு என்று விரித்துச் சொல்கிறது.

இ.ஆர். பாசிட்டிவ் என்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் துணையோடு வளர்கிற வகை. நூற்றில் சுமார் எழுபது பேருக்கு இதுதான். மெதுவாக வளரும், தமோக்சிஃபென் போன்ற மாத்திரைக்கு அடங்கும். மற்ற வகைகளோடு பார்த்தால் இது பரவாயில்லை என்று டாக்டர்கள் ஆறுதல் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இது பல வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வரக்கூடியது. வந்தால் பெரும்பாலும் எலும்புக்கு: முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடை எலும்பின் மேல்பகுதி. ஐந்து வருஷம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு அதுவரை நோய் திரும்பாத பெண்களை இருபதாம் வருஷம் வரை தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2017-ல் வெளியானது. கட்டி சிறியதாகவும் அக்குள் நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லாமலும் இருந்தவர்களிலேயே 13 சதவீதம் பேருக்கு அடுத்த பதினைந்து வருஷத்தில் வேறு உறுப்பில் நோய் வந்தது. பெரிய கட்டியும், நான்கு முதல் ஒன்பது முடிச்சுகளில் நோயும் இருந்தவர்களுக்கு அது 41 சதவீதம். இப்போதைய சிகிச்சை அதைவிட மேம்பட்டது, எண்ணிக்கையும் குறையும் என்றுதான் மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். இருந்தாலும் "அஞ்சு வருஷம் தாண்டிட்டா பயமில்ல" என்று நம் ஆட்கள் சொல்வது இந்த வகைக்குப் பொருந்தாது.

புக்கிட் மெர்தாஜாமில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் நின்றபடியே வேலை. மார்பக ஆபரேஷன் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடுப்பு வலி வந்ததும் நின்று நின்று வந்த வலி என்று நினைத்தார். தைலம் போட்டு உருவி விட்டார்கள். வலி போகவில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. "அது முடிஞ்சு போன கதை, இடுப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு இருந்துட்டேன்" என்றார் பிறகு. படுத்தால் வலி கூடியது. ராத்திரி தூக்கம் போனது. கடைசியில் குளியலறைப் படியில் கால் வைக்கும்போது தொடை எலும்பு முறிந்தது. வழுக்கி விழவில்லை, சும்மா ஊன்றியதிலேயே முறிந்தது. எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகுதான் பழைய ஃபைலை எடுத்தார்கள். அதில் இ.ஆர். பாசிட்டிவ் என்று முதல் நாளிலிருந்தே எழுதியிருந்தது.

இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை. எலும்புக்குப் போன நோயை முழுதாக ஒழிப்பது அரிது. ஆனால் முறிவதற்கு முன் தெரிந்தால் ரேடியேஷன் கொடுக்கலாம், எலும்பை உறுதிப்படுத்தும் ஊசி போடலாம், ஹார்மோன் மருந்தை மாற்றலாம். அப்படிப் பல வருஷம் நடமாடிக்கொண்டு இருக்கிறவர்கள் உண்டு. இன்னொன்று, எலும்புக்குப் போனால் அது எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது. எங்கே போனாலும் அது மார்பகப் புற்றுநோய்தான். மருந்தும் அதற்குரியதுதான்.

ஹெர்-2 பாசிட்டிவ் வகை நூற்றில் பதினைந்து முதல் இருபது பேருக்கு. ஈரலுக்கும் மூளைக்கும் போகிற நாட்டம் இதற்கு அதிகம். ஒரு காலத்தில் மிகவும் பயந்த வகை இது. டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு நிலைமை பெரிதும் மாறியது. ஆனால் அந்த மருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. உடம்பில் நோய் அடங்கியிருக்கும்போதே மூளையில் மட்டும் வரலாம். விடாத தலைவலி, பார்வை மங்குவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, வலிப்பு வந்தால் வெறும் பிரஷர் என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றும் நெகட்டிவ் என்றால் டிரிப்பிள் நெகட்டிவ். இளம் வயதுப் பெண்களிடம் அதிகம் பார்க்கிறோம். நுரையீரல், மூளை, ஈரல் என்று உள்ளுறுப்புகளுக்குப் போகும், எலும்புக்குப் போவது ஒப்பீட்டளவில் குறைவு. திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்துக்குள். ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மேலே சொன்ன ஐந்து வருஷப் பேச்சு உண்மையிலேயே ஆறுதல் தருவது இவர்களுக்குத்தான். அதைச் சொல்லக்கூட ஆளில்லாமல் பல பெண்கள் வாழ்நாள் முழுக்க ஒரே பயத்தில் இருக்கிறார்கள்.

லோபுலர், அதாவது பால் சுரக்கும் சிறு சுரப்பிகளின் பெயரால் அழைக்கப்படும் வகை, என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அதையும் கவனியுங்கள். இந்தச் செல்களில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் புரதம் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் கட்டியாகத் திரளாமல் வரிசை வரிசையாக ஊடுருவும், மேமோகிராமில் தப்பிவிடுவதும் உண்டு. எலும்புக்குப் போவதோடு வயிற்றின் உள்சவ்வு, இரைப்பை, குடல், சினைப்பை என்று மற்ற வகைகள் அவ்வளவாகப் போகாத இடங்களுக்கும் இது போகும். சாப்பிட்ட கொஞ்சத்திலேயே வயிறு நிறைவது, வயிறு உப்புவது போன்றவற்றை இவர்கள் காஸ்ட்ரிக் என்று ஒதுக்கக் கூடாது.

ஸ்கேனில் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். சிகிச்சை முடிந்து தொந்தரவு எதுவும் இல்லாத பெண்ணுக்கு வருஷா வருஷம் எலும்பு ஸ்கேன், உடல் முழுக்க ஸ்கேன் எடுப்பதை மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. அப்படி எடுத்ததால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. மேமோகிராமும், டாக்டர் கேட்கிற கேள்விகளும்தான் வழக்கமான கண்காணிப்பு. அப்படியென்றால் முதலில் வாய் திறக்க வேண்டியது அந்தப் பெண்தான். தன் வகை தெரிந்திருந்தால்தான் எதை டாக்டரிடம் சொல்வது, எதற்கு வீட்டிலேயே தைலம் போடுவது என்று பிரித்துப் பார்க்க முடியும். எல்லா முதுகுவலியும் புற்றுநோய் இல்லை. இரண்டு வாரம் தாண்டியும் போகாத, நாளுக்கு நாள் கூடுகிற வலியைத்தான் சொல்கிறேன். முதுகுவலியோடு கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் போகச் சிரமமாக இருந்தாலோ அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரைக்கும் பொறுக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கும் ஒன்று. "ஊசி குத்தினா பரவிடும், கத்தி பட்டா பரவிடும்" என்று சொல்லி பயாப்சிக்கே போக விடாமல் தடுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பயாப்சி எடுப்பதால் நோய் உடம்பெல்லாம் பரவாது. அந்தச் சிறு துண்டுச் சதை இல்லாமல் நான் மேலே எழுதியதில் எதுவுமே தெரிய வராது. தள்ளிப்போட்ட மாதங்களில்தான் நோய் நிணநீர் முடிச்சுக்கும் ரத்தத்துக்கும் வழி தேடிக்கொள்கிறது.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக ஒரு புற்றுநோய் மருத்துவரை வைத்து வகைகளைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, லோபுலரா இல்லையா, எத்தனை நிணநீர் முடிச்சு என்ற ஐந்தையும் எழுதி, எதிரே இடம் விட்டு அச்சிடுங்கள். வெட்டியெடுத்து டாக்டரிடமே நீட்டி நிரப்பித் தரச் சொல்லலாம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், இடுப்பு வலிக்கே போனாலும், அதை முதலில் எடுத்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
பட்டர்வொர்த், பினாங்கு