முதல் சந்திப்புக்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். முதல் சந்திப்பில் என்ன பேசினால் அவளுக்குத் தன்னம்பிக்கை வரும் என்றும் கேட்டிருந்தாய். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், உன் சம்மதத்தோடு பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். என்ன பேசுவது என்பது இருக்கட்டும். எத்தனை மாதம் அவளோடு இருக்கப்போகிறாய் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்.

அமெரிக்காவில் ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய உறவுகளின் கால அளவை ஆராய்ந்து, 2002இல் வெளியிட்டார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளிடம் அதிக முன்னேற்றம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளிலோ, பிள்ளைகள் தம்மைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன்பு, வேலை மாறிய அவசரத்தில், ஒரு பெண்ணிடம் நேரில் விடைபெறாமலேயே இரண்டாம் மாதத்தில் நான் நின்றுவிட்டிருந்தேன். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அவள் வழக்கமான நேரத்துக்கு வந்து, நோட்டை மடியில் வைத்தபடி படிக்கட்டில் காத்திருந்தாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. தான் ஏதோ தவறாகப் பேசிவிட்டதால்தான் நான் வரவில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். இந்த வயதுப் பிள்ளைகள், ஒருவர் விலகிப்போனால் அதற்கான காரணத்தைத் தங்களிடமே தேடுவார்கள். ஆகவே உன்னால் ஓராண்டு வர முடியாது என்றால், இப்போதே மறுத்துவிடு. அது அவளுக்கு நீ செய்யும் நன்மையாகவே இருக்கும்.

வர முடியும் என்றால், அடுத்து ஒன்றைச் சொல்கிறேன். அவளிடம் ஏதோ குறைவாக இருக்கிறது, அதை நாம் நிரப்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு போகாதே. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து வயதில் பெண் குழந்தைகளும் ஆண் குழந்தைகளைப் போலவே தம் பாலினத்தாரை மிக மிகப் புத்திசாலிகளாகக் கருதினார்கள். ஆறு, ஏழு வயதுக்குள் பெண் குழந்தைகளிடம் அந்த எண்ணம் குறைந்ததோடு, ‘மிகவும் புத்திசாலியான பிள்ளைகளுக்கானது’ என்று சொல்லப்பட்ட விளையாட்டில் அவர்களுக்கு ஆர்வமும் குறைந்தது. நீ சந்திக்கப்போகும் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. ‘கூச்ச சுபாவம்’ என்று நாம் சொல்லிவிடுவது, பல ஆண்டுகளாகச் சுற்றியிருப்பவர்களைப் பார்த்து அவள் கற்றுக்கொண்ட பாடமாகவும் இருக்கலாம். அதோடு உடல் மாறுகிறது; பார்க்கிறவர்களின் பார்வை மாறுகிறது; நேற்றுவரை ஓடி விளையாடிய பிள்ளைக்கு, எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம் என்று நாளுக்கு ஒரு கட்டுப்பாடு வருகிறது.

கற்றுக்கொண்டதை வெறும் சொல்லால் மாற்றிவிட முடியாது. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை விளக்கி 1977இல் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா, நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்துமுடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் மிக வலுவானது முதலாவதுதான். நாமோ பெரும்பாலும் மூன்றாவதையே அள்ளி வழங்கிவிட்டு, ஏன் பலிக்கவில்லை என்று வருந்துகிறோம்.

ஒருமுறை நான் சந்தித்துவந்த பெண்ணின் சைக்கிள் சங்கிலி வழியில் கழன்றுவிட்டது. அவள் உடனே என் முகத்தைப் பார்த்தாள். என் கை தானாகவே முன்னே போனது. கஷ்டப்பட்டு நிறுத்திக்கொண்டு, கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவள் குந்தி உட்கார்ந்து, சங்கிலியைப் பல்சக்கரத்தின் கீழ்ப்பக்கம் மாட்டிப் பெடலைச் சுற்றினாள். மூன்று முறை நழுவியது. நான்காவது முறை, சங்கிலியை மேல்பக்கப் பற்களில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, பெடலை மெல்ல முன்னோக்கிச் சுற்றினாள், டக்கென்று உட்கார்ந்துகொண்டது. கறுத்த விரல்களை விரித்துத் தானே பார்த்துக்கொண்டாளே, அந்தப் பார்வையை என் எந்தப் பாராட்டும் அவளுக்குக் கொடுத்ததில்லை. எதற்கும் ‘தப்பா இருக்கலாம் அக்கா’ என்று தொடங்கும் வழக்கம் உள்ளவள், அன்று வீடு சேரும்வரை ஒருமுறைகூட அப்படித் தொடங்கவில்லை. பாராட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘நீ கெட்டிக்காரி’ என்பதைவிட, ‘நான்காவது முறை பிடிக்கும் இடத்தை மாற்றினாயே’ என்று நீ கண்டதைச் சொல்.

நீ வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் அவளோடு இருப்பாய். மற்ற நேரமெல்லாம் வீட்டிலும் பள்ளியிலும்தான். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில், மாதவிடாய் நாட்களில் விடுப்பெடுக்கும் பெண்ணிடம் துணிவைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை. முதலில் அந்தத் தாழ்ப்பாளுக்காகத் தலைமையாசிரியரிடம் பேச வேண்டும். வீட்டில் அம்மாவிடமும் பேசு. மகளைப் பற்றிப் புகார் சொல்லவோ, அவள் உன்னிடம் சொன்னதை ஒப்பிக்கவோ வேண்டாம். அவள் பேசும்போது யாரும் குறுக்கிடாமல் கேட்க ஒரு வேளையாவது ஒதுக்க முடியுமா என்று மட்டும் கேள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இரு: ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாக்குக் கொடுத்துவிடாதே. அவளை யாரேனும் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் தகுந்தவர்களிடம் நீ சொல்லியே ஆக வேண்டும். அதை முதல் நாளே அவளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அவள் விரும்பிச் செய்யும் ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேள்; கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. மேரி பட் ரோ என்ற கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாதவர்கள் குறைந்தார்கள் என்றும் 1970களில் காட்டினார். மூன்று நொடி என்பது சொல்லச் சிறியது. எதிரே ஒரு பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது அது மிக நீளமாகத் தெரியும். அந்த இடைவெளியை நிரப்ப உனக்கு வாய் துறுதுறுக்கும்.

சந்திப்பு முடிந்ததும் எனக்கு எழுது. அவள் சொன்னதை எழுத வேண்டாம், அது அவளுடையது. நீ எவ்வளவு நேரம் பொறுத்திருந்தாய் என்பதை எழுது.

அன்புடன்,
உன் அக்கா