ஆர்ன்ஹெம் லேண்ட் பயணம்: பெர்மிட் பற்றி

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள காக்காடு தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு அப்படியே ஆர்ன்ஹெம் லேண்டில் இருக்கும் குன்பலான்யா ஊருக்கும் போய் வரலாமே என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் பெர்மிட் கையில் இருந்தால்தான்.

காக்காடுக்குப் பார்க் பாஸ் போதும். ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றைக் கஹில்ஸ் கிராசிங்கில் (வண்டியைத் தண்ணீரில் இறக்கிக் கடக்கும் இடம்) தாண்டியதும் ஆர்ன்ஹெம் லேண்ட் தொடங்கிவிடும். அது சுற்றுலாத் தலம் இல்லை; 1976 நில உரிமைச் சட்டப்படி பழங்குடி மக்களுக்குச் சொந்தமான நிலம். பெர்மிட் இல்லாமல் நுழைவது குற்றம். அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் போவோமா? அதேதான் இதுவும்.

பழங்குடி மக்கள் சார்பில் பெர்மிட் கொடுக்கும் நார்தர்ன் லேண்ட் கவுன்சிலின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். யார் யார் வருகிறோம், எந்த வண்டி, எந்தத் தேதி, எதற்காக என்று எல்லாம் சரியாக எழுதுங்கள். சடங்கோ துக்கமோ நடக்கும் நாட்களில் அனுமதி மறுக்கப்படலாம். அப்போது வற்புறுத்தாமல் தேதியை மாற்றிக்கொள்வோம். அதனால்தான் குறைந்தது மூன்று வாரம் முன்பே பெயர் கேட்கிறேன்.

வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்: சுற்றிப் பார்க்க வாங்கிய பெர்மிட்டில் வேலை செய்ய முடியாது, அதற்குத் தனி விண்ணப்பம். நர்ஸ், எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகள் கிளம்பும் முன் முதலாளியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மது வேண்டாம். ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கிராசிங்கில் கடல் ஏற்றத்தோடு தண்ணீர் ஏறும், முதலைகளும் அதிகம். அலை அட்டவணை பார்த்துத்தான் வண்டியை இறக்குவோம். பிள்ளைகளைக் கரையில் இறங்க விடாதீர்கள்.

பெயர், வண்டி எண் இரண்டையும் ஞாயிறு இரவுக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம்.