வேலை உறுதித் திட்டம்: மந்தநிலை வரும் ஆண்டில் கூலி தருவது யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூறு நாள் வேலை என்று ஊரெங்கும் அறியப்பட்ட மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நிறைவேற்றியது. அதைப் பற்றி வெளியே எழுந்த பேச்சு பெரும்பாலும் காந்தியடிகளின் பெயர் நீக்கப்பட்டதைச் சுற்றியே இருந்தது. பெயர் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் நீலகிரியில் வாழும் எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை புதிய சட்டத்தின் நிதிப் பிரிவில் இருக்கிறது. நாட்டின் பொருளாதாரம் சரியும் ஆண்டில், வேலை கேட்டு வருபவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அங்கே எழுதப்பட்டுள்ள விடை சரியானதல்ல.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் உதகையில் சீசனே இல்லை. மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. விடுதிகளும் தேநீர்க் கடைகளும் பூட்டிக் கிடந்தன. சுற்றுலா வாகனம் ஓட்டியவர்களுக்கும், விடுதிகளில் துணி துவைத்தவர்களுக்கும், சாலையோரம் கேரட்டும் வேகவைத்த சோளமும் விற்றவர்களுக்கும் அந்த இரண்டு மாத வருமானம்தான் ஆண்டின் பெரும்பகுதிக்கு ஆதாரம். திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் ஊர் திரும்பியிருந்தார்கள். அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி, முந்தைய ஆண்டைவிடச் சுமார் 24 விழுக்காடு வீழ்ந்ததாக மத்திய அரசே கணக்கு வெளியிட்டது. அப்போது ஊராட்சிகளில் வேலை அட்டை வைத்திருந்தவர்களுக்கு மிச்சமிருந்த ஒரே உறுதியான கூலி நூறு நாள் வேலையில்தான் கிடைத்தது.

அந்தக் கூலிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2020-21 நிதிநிலை அறிக்கையில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 61,500 கோடி ரூபாய். மே மாதத்தில் மத்திய அரசு மேலும் 40,000 கோடி ரூபாயை அறிவித்தது. ஆண்டு முடிவில் திருத்திய மதிப்பீடு 1,11,500 கோடியாக உயர்ந்திருந்தது. அந்த ஆண்டில் நாடு முழுவதும் ஏழரைக் கோடிக் குடும்பங்கள் இத்திட்டத்தில் வேலை செய்தன. இதை ஓர் அரசின் தாராளம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கேட்பவருக்கு வேலை தர வேண்டும், உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு ஏற்க வேண்டும் என்று சட்டமே சொல்லியிருந்ததால், வேலை கேட்டவர் எண்ணிக்கை கூடியபோது டெல்லியும் கூடுதலாகப் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது.

புதிய சட்டம் இந்தத் தொடர்பை அறுத்துவிட்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு குறிப்பிட்ட தொகையை மத்திய அரசு முன்கூட்டியே நிர்ணயிக்கும். அதில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. நிர்ணயித்த தொகைக்கு மேல் செலவானால் அது முழுவதும் மாநிலத்தின் தலையில் விழும். மந்தநிலையில் மாநிலத்தின் வரி வருவாயும் சேர்ந்தே சரியும் என்பதைச் சட்டத்தை எழுதியவர்கள் அறியாமல் இருந்திருக்க மாட்டார்கள். மத்திய அரசு தன் பற்றாக்குறையைத் தானே பெரிதாக்கிக்கொள்ள முடியும். மாநில அரசோ கடன் வாங்கக்கூட, அரசியல் சட்டத்தின் 293ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டிய நிலையில் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்ததால் மாநிலங்கள் இழந்த வரி வருவாய்க்கு ஈடாகத் தர வேண்டிய இழப்பீட்டுத் தொகை 2020இல் பற்றாமல் போனபோது, மாநிலங்களே கடன் வாங்கிச் சமாளிக்கட்டும் என்று முதலில் சொல்லப்பட்டதையும், பல மாநிலங்கள் எதிர்த்த பிறகே மத்திய அரசு தானே கடன் வாங்கித் தந்ததையும் நாம் பார்த்தோம். கையில் பணம் குறைந்திருக்கும் ஆண்டில், கூடுதல் கூலியைத் தன் சொந்தப் பொறுப்பில் கொடுக்க எந்த மாநில நிதித்துறையும் தயங்கும். அந்தத் தயக்கம் ஊராட்சிக்கு வந்து சேரும்போது, ‘இப்போதைக்கு வேலை இல்லை, பிறகு பார்க்கலாம்’ என்ற பதிலாகத்தான் இருக்கும்.

நாட்கள் 100இலிருந்து 125ஆக உயர்ந்திருக்கின்றனவே என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் நூறு நாட்களுக்கு உரிமை இருந்த காலத்திலேயே, அண்மை ஆண்டுகளில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது சுமார் ஐம்பது நாட்கள்தான். குறை நாட்களின் உச்சவரம்பில் இருக்கவில்லை, பணத்தில் இருந்தது. பழைய சட்டமும் குறையற்றதல்ல. 2021-22இல் பெருந்தொற்று ஓயாத நிலையில் ஒதுக்கீடு 73,000 கோடியாகக் குறைக்கப்பட்டு, பின்னர் 98,000 கோடியாக உயர்த்த வேண்டி வந்தது. 2025இன் தொடக்கத்தில் தமிழகத்துக்கு வர வேண்டிய 4,034 கோடி ரூபாய் நிலுவையில் இருந்ததால், செய்த வேலைக்குக் கூலி வராமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் எங்கள் பகுதியிலும் உண்டு. ஆயினும் அந்தப் பணம் மத்திய அரசின் சட்டப்படியான கடன் என்பதால், நம் உறுப்பினர்கள் மக்களவையில் எழுந்து அதைக் கேட்க முடிந்தது. இனி வரம்புக்கு மேற்பட்ட செலவைப் பற்றிக் கேட்டால், அது உங்கள் மாநிலத்தின் பொறுப்பு என்ற ஒரே விடையோடு கேள்வி முடிந்துவிடும்.

மலை மாவட்டத்தின் சார்பில் தனியே ஒன்று சொல்ல வேண்டும். வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் மட்டும் நிதிப் பங்கு 90க்கு 10 என்று புதிய சட்டம் சலுகை தருகிறது. அது நியாயமானது, மலையில் ஒரு தடுப்புச் சுவர் கட்டவோ நடைபாதை அமைக்கவோ கல்லையும் மணலையும் தலைச்சுமையாகவே கொண்டுபோக வேண்டிய இடங்கள் பல. ஆனால் ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபோது, அன்றைய உத்தரப் பிரதேசத்தின் மலை மாவட்டங்களோடும் டார்ஜிலிங்கோடும் நீலகிரியையும் அதே பட்டியலில் சேர்த்தது. அந்த உத்தரப் பிரதேச மலை மாவட்டங்கள் இன்று உத்தராகண்ட் மாநிலமாகி 90 விழுக்காடு பெறும். நீலகிரிக்கு 60 விழுக்காடுதான். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்த மாவட்டம் இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகள் எங்களுக்குக் கூலிக்காக மட்டும் தேவைப்படுபவை அல்ல.

விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாட்கள் வேலையை நிறுத்தி வைக்கும் விதியும் இங்கே பொருந்தவில்லை. உருளைக்கிழங்கையே ஆண்டில் மூன்று போகம் போடும் ஊர் இது. தேயிலையில் கொழுந்து பறிப்பு ஆண்டு முழுவதும் உண்டு. வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு காலத்தை மாநில அரசு அறிவித்துக்கொள்ளலாம் என்பதால், ஜனவரி, பிப்ரவரி உறைபனியில் இலை கருகிப் பறிப்பு நின்றுபோகும் வாரங்களை அந்த 60 நாட்களுக்குள் கொண்டுவந்துவிடாமல் மாவட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும். கேத்தி, அதிகரட்டி போன்ற பேரூராட்சிகளில் வாழ்பவர்களுக்கு, வாழ்க்கை கிராமத்து வாழ்க்கையாகவே இருந்தும், ஊரக வேலை உறுதி பழைய சட்டத்திலும் இல்லை, புதிய சட்டத்திலும் இல்லை. அதைப் பற்றித் தனியே ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இத்தகைய விளைவுகளை அலசி ஆராயத்தான் நாடாளுமன்றத்தில் நிலைக்குழுக்கள் இருக்கின்றன. பழைய மசோதா 2004 டிசம்பரில் கொண்டுவரப்பட்டு, அன்றைய எதிர்க்கட்சியான பாஜகவைச் சேர்ந்த கல்யாண் சிங் தலைமையிலான ஊரக வளர்ச்சி நிலைக்குழுவுக்குச் சென்று, அதன் பரிந்துரைகளுக்குப் பிறகு 2005 ஆகஸ்டில் எல்லாக் கட்சிகளின் ஆதரவோடு நிறைவேறியது. அதற்கு எட்டு மாதம் ஆயிற்று. புதிய மசோதா 2025 டிசம்பர் 16 அன்று மக்களவையில் வைக்கப்பட்டு, 18ஆம் தேதி அங்கே நிறைவேறி, அன்று நள்ளிரவு கடந்து மாநிலங்களவையிலும் நிறைவேறியது. குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. இரு அவைகளிலும் கூச்சலுக்கிடையே குரல் வாக்கெடுப்புதான் நடந்தது. ஆகவே எந்த உறுப்பினர் எப்பக்கம் வாக்களித்தார் என்ற பதிவு கூட இல்லை.

அவையில் நடந்தது நடந்துவிட்டது. இனி ஒவ்வோர் ஆண்டும் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை, அதாவது தன் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் கோரிக்கை, மக்களவைக்கு வரும். 2023 மார்ச்சில், சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறின. அவ்வாறு மீண்டும் நேராமல், இந்த ஒரு அமைச்சகத்தின் கோரிக்கையாவது முழு நாள் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்று தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி வலியுறுத்த வேண்டும். பொருளாதாரம் சுருங்கும் ஆண்டிலும் பேரிடர் ஆண்டிலும் வரம்புக்கு மேற்பட்ட கூலிச் செலவை மத்திய அரசே ஏற்க வேண்டும் என்றும், நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு இமயமலை மாநிலங்களுக்குரிய பங்கீடே பொருந்த வேண்டும் என்றும் இரண்டு திருத்தங்களை அவர்கள் முன்மொழிந்து, பதிவாகும் வாக்கெடுப்பைக் கேட்க வேண்டும். தங்கள் நாளிதழ் அந்த வாக்கெடுப்பில் தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களும் எப்படி வாக்களித்தார்கள் என்பதைத் தொகுதி வாரியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.