உட்கார்ந்து விழுங்கு, சேது

ஜவ்வாது மலை அடிவாரம்,
மார்கழி 6

அன்புள்ள சேதுவுக்கு,

நேற்று இரவு நீ பேசி முடித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "காய்ச்சல் நின்றுவிட்டது, நெஞ்சு எரிகிறது, மூன்று நாளோடு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன்" என்று ஏதோ பால்காரனை நிறுத்துவதுபோலச் சொன்னாய். நிறுத்தாதே என்று நான் கத்தியது உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டபோது மருமகள்தான் எடுத்தாள், மாமா படுத்துவிட்டார் என்றாள். மாத்திரை போட்ட கையோடு படுத்துவிட்டாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

இன்னும் விடியவில்லை. வாசலில் காமாட்சி கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். இதை எழுதி முடித்ததும் படம் எடுத்து உன் மருமகளின் கைப்பேசிக்கு அனுப்புகிறேன். தாள் தபாலில் பின்னால் வரும். இன்று காலை மாத்திரையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

சம்பா வயலில் தேங்கிய மழைத் தண்ணீரை வடிய வைக்க இறங்கினாய், ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் தொட முடியாத வலி, கண் சிவப்பு. உங்கள் டாக்டர் எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்து டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். சரியான மருந்து. அதே மாத்திரையை இரண்டு வருடங்களுக்கு முன் நானும் சாப்பிட்டேன். உன் அண்ணன் காலமான சமயம் அது. அதனால் 'காய்ச்சல் வந்து போனது' என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன். முழுக்கதையை இப்போது சொல்கிறேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விட்ட பிறகு, மாட்டுக்குப் புல் அறுக்க மலையோரத்துப் புதருக்குள் தினமும் போய்வந்தேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் பிடித்தது. தலை பிளந்துவிடும்போல வலி. டவுனில் ஒரு கிளினிக்கில் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் பாராசிட்டமாலும் கொடுத்தார்கள். நான்கு நாள் சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, வறட்டு இருமல் சேர்ந்துகொண்டது. ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் காமாட்சி என்னை ஆட்டோவில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

அங்கே இருந்தவர் சின்ன வயதுப் பெண் டாக்டர். என் மகளைவிட இளையவர். நாடி, மூச்சு எல்லாம் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றுங்கள் என்றார். அக்குள், மார்பு, முதுகு என்று விளக்கு வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகத் தேடினார். பிறகு வேட்டியைத் தளர்த்தச் சொன்னார். அரைஞாண் கயிற்றை விரலால் நகர்த்தியவர், "இதோ இருக்கிறது" என்றார். கயிற்றுக்கு அடியில் ஒரு கறுப்புப் பொருக்கு, மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, சுற்றிலும் சிவப்பு வளையம். பீடி நெருப்பு பட்டாற்போல் இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. தினமும் அந்த இடத்தில் சோப்புப் போட்டுக் குளித்தவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். மாட்டு உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் இளம்பருவம் கடித்து வருவது. வேலூர்ப் பக்கத்தில் மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில் இது அதிகம். இந்தக் கிருமி நம் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். செஃபிக்சிம், அமாக்சிசிலின் எதற்கும் மசியாது. டாக்சிசைக்ளின் உயிரணுவுக்குள் நுழைந்து, கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ள முடியாமல் தடுத்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள்தான் வரும் என்றாலும் அந்த டாக்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. அன்று மாலையே முதல் மாத்திரை. இரண்டாம் நாள் இரவு வேர்த்துக் கொட்டியது, மூன்றாம் நாள் காலை இட்லி கேட்டேன்.

மூன்றாம் நாள் என்பதைக் கவனி. நீ இப்போது நிற்கிற இடம் அது. நானும் அன்று இதையேதான் கேட்டேன்: "காய்ச்சல்தான் போய்விட்டதே, போதாதா?" அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். இந்த மருந்து பெரும்பாலும் கிருமியை வளரவிடாமல் கட்டிப்போடும். கட்டிப்போட்டதை ஒழித்துக்கட்டுவது நம் உடம்பின் வேலை. அதற்கு அவகாசம் வேண்டும். பாதியில் கட்டை அவிழ்த்துவிட்டால் மிச்சமிருப்பது மறுபடி தலைதூக்கும். ஏழு நாள் என்று எழுதினால் ஏழு நாள், சேது. உன் டாக்டரே குறைத்தால் ஒழிய நீயாகக் குறைக்காதே.

இப்போது உன் நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். எனக்கு ஐந்தாம் நாள் இரவு நடந்தது இது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அசதியில் எட்டு மணிக்கே தூங்கிப்போனேன். பத்து மணிக்கு விழிப்பு வந்து, மாத்திரை போடவில்லையே என்று நினைவு வந்தது. விளக்கைக்கூடப் போடாமல், தலையணையிலிருந்து தலையைச் சற்றுத் தூக்கி, செம்பில் அடியில் கிடந்த ஒரு வாய்த் தண்ணீரோடு கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டுச் சாய்ந்துவிட்டேன்.

காலையில் காபி ஒரு மடக்கு உள்ளே போனதும் மார்பெலும்புக்குப் பின்னால் கத்தியைச் செருகியதுபோல் இருந்தது. மாரடைப்பு என்றே நினைத்தேன். காமாட்சி அழுதுவிட்டாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. அதே டாக்டர்தான் கேட்டார்: "மாத்திரையை எப்படி விழுங்கினீர்கள்?" சொன்னேன். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புண். கேப்ஸ்யூல் கீழே இறங்காமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு கரைந்திருக்கிறது. டாக்சிசைக்ளின் கரைந்தால் கடுமையான அமிலம். வயிறு தாங்கும், உணவுக்குழாயின் மெல்லிய தோல் தாங்காது. ஒரு வாரம் எச்சில் விழுங்குவதற்கே பயந்தேன். ஆறிய கஞ்சியும் இளநீரும்தான். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோலும், சுக்ரால்ஃபேட் என்ற வெள்ளை மருந்தும் கொடுத்து ஆற்றினார்கள். மீதி நாட்களுக்கு அசித்ரோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆகவே, இன்றிலிருந்து இப்படிச் செய். சாப்பிட்ட பிறகு, நேராக உட்கார்ந்தோ நின்றோ விழுங்கு. ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் முழுவதும் குடி. அதன்பின் அரை மணி நேரமாவது படுக்காதே, ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. இரவு மாத்திரையைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதே, ஏழரை மணிச் சாப்பாட்டோடு முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திரு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். உனக்கு இருப்பது சாதாரண எரிச்சலா, எனக்கு வந்த புண்ணா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. விழுங்கும்போது வலிக்கிறதா என்று கவனி. வலித்தால் இன்றே டாக்டரிடம் போய்ச் சொல். அவர் வேறு மருந்து தருவார். நீயாக நிறுத்துவதற்கும் அவர் மாற்றுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

எரிச்சலுக்கு ரோஸ் நிற ஆன்டாசிட் மருந்தை மாத்திரையோடு சேர்த்தே குடிக்கிறேன் என்றாயே, அதைக் கேட்டு நெஞ்சு திக்கென்றது. அதில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன. அவை டாக்சிசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. நீ மருந்தைச் சாப்பிட்டும் சாப்பிடாத கதைதான். மூட்டு வலிக்கு நீ போடும் கால்சியம் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும், இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. அவற்றுக்கும் இதற்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். ஏழு நாள் கால்சியம் போடாவிட்டால் உன் முட்டி ஒன்றும் ஆகிவிடாது. தயிர்சாதத்துக்குப் பயப்படாதே. இதே குடும்பத்துப் பழைய மருந்தான டெட்ராசைக்ளினுக்குப் பாலும் தயிரும் ஆகவே ஆகாது, டாக்சிசைக்ளினுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் மாத்திரையைப் பாலோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்கு.

காய்ச்சல் விட்டதும் வயலுக்கு ஓடுவாய் என்று எனக்குத் தெரியும். இந்த மாத்திரை தோலை வெயிலுக்கு மிகவும் கூச வைக்கும். வழக்கமாகத் தாங்குகிற வெயிலே புறங்கையையும் கழுத்தையும் தீய்த்துவிடும். இன்னும் ஒரு வாரம் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதுவும் காலையிலும் மாலையிலும் மட்டும். வெறுங்காலோடு அந்தச் சேற்றில் இறங்கவே இறங்காதே. குதிகால் வெடிப்பு வழியாக எலி மூத்திரத்தில் இருக்கும் கிருமி உள்ளே வருகிறது. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில், சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு நோய் வருமுன்பே வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் இதே மாத்திரையைக் கொடுத்தார்கள். உன்னோடு வயலில் இறங்கியவர்களைப் பற்றி டாக்டரிடம் கேள். யாருக்காவது காய்ச்சல் இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போ.

லேசான வயிற்றுப்போக்கு வரலாம், அது தானே நிற்கும். நீர் நீராகப் பலமுறை போனாலும், ரத்தம் கலந்தாலும் சும்மா இருக்காதே. தோலில் தடிப்பு, முகவீக்கம், கடும் தலைவலியோடு பார்வை மங்கல் இவையெல்லாம் அரிது, வந்தால் உடனே போகவேண்டும். இவற்றைவிட எனக்கு உன் நோயைப் பற்றித்தான் கவலை. சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரை வேலை செய்யும் என்று வீட்டில் காத்திருக்காதே. அந்தக் கட்டத்தில் மருத்துவமனையில் சேர்த்து ஊசிதான் போடவேண்டும். தங்கச்சியிடம் இந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்.

இன்னொன்று உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். மருந்தை மாற்றியதால் என்னிடம் நான்கு கேப்ஸ்யூல்கள் மிஞ்சின. அலமாரியில் வைத்திருந்தேன். சில மாதம் கழித்து அடுத்த வீட்டுக்காரர் வந்து, மருமகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், உங்களைப் பிழைக்க வைத்த அந்த மாத்திரை இருந்தால் கொடுங்கள் என்றார். நான் எடுத்துக் கையில் வைத்துவிட்டேன். காமாட்சி சமையலறையிலிருந்து ஓடிவந்து, "அந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாளே!" என்று பிடுங்கிக்கொண்டாள். இந்த மருந்து வயிற்றுப் பிள்ளையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கலாம். பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் பல்லில் அழியாத கறை விழலாம், எட்டு வயதுக்குக் கீழே பொதுவாகத் தரமாட்டார்கள். உயிருக்கு ஆபத்தான காய்ச்சல் என்றால் மருத்துவர் யோசித்துக் கொடுப்பதுண்டு, அந்த முடிவு அவருடையது. அந்தப் பெண்ணுக்கு வந்திருந்தது டெங்கு. வைரஸ் காய்ச்சலில் இந்த மாத்திரை எதற்கும் உதவியிருக்காது. இப்போது அவள் குழந்தை எங்கள் வாசலில் தவழ்கிறது. அதைத் தூக்கும்போதெல்லாம் என் கையில் அன்று இருந்த அட்டைதான் நினைவுக்கு வருகிறது. உன் அட்டையின் பின்னால் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார். டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக்கூடாது என்பதற்கான அடையாளம் அது.

நோயிலிருந்து எழுந்த பிறகு இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். நாற்பது வருடம் வகுப்பில் நின்ற பழக்கம் போகவில்லை. பெஞ்சமின் டக்கர் என்ற அமெரிக்கத் தாவரவியல் பேராசிரியர், பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்ற பிறகு லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஊர் ஊராக மண் வரவழைத்துச் சோதித்தார். மிசௌரியிலிருந்து வந்த ஒரு பிடி வயல் மண்ணில் பொன்னிறமாக ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. அதிலிருந்து எடுத்த மருந்துக்குப் பொன்னின் பெயரையே வைத்து ஆரியோமைசின் என்றார்கள், 1948-இல் அறிவித்தார்கள். கண்டெடுத்தபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆரியோமைசினின் அதே டெட்ராசைக்ளின் மருந்துக் குடும்பத்தில் பிறந்த டாக்சிசைக்ளின் 1967-இல் விற்பனைக்கு வந்தது. இங்கே வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நாட்டின் ஏழு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. ஸ்க்ரப் டைபஸ் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாக ஏற்றினால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று அதில் காட்டியிருக்கிறார்கள். நம் வயல் வரப்பில் நடக்கிறவர்களுக்கு வரும் நோய்க்கு நம் ஊரிலேயே உட்கார்ந்து வழி கண்டிருக்கிறார்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இங்கே கிணறு நிரம்பி வழிகிறது. கன்று ஈன்ற பசு நன்றாக இருக்கிறது. புல் அறுக்கப் போகும்போது இப்போது காலுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்கிறேன், வந்ததும் துணியை வெந்நீரில் போட்டுவிட்டுக் குளிக்கிறேன். பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வருவதாக இருந்ததை மாற்றவேண்டாம். நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

என் கணக்குப்படி இன்னும் எட்டு மாத்திரைகள் உன்னிடம் இருக்கவேண்டும். இன்று காலை மாத்திரையை எப்படி விழுங்கினாய் என்பதை ஒன்பது மணிக்கு நான் கூப்பிடும்போது சொல்.

உன் அன்பு,
குமரேசன்