முத்துவைக் கூட்டிப்போன தம்பிக்கு

தம்பி,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. முகமும் சரியாகத் தெரியவில்லை. எங்கள் தெருமுனை மளிகைக்கடைக் கேமராவில் பதினோரு விநாடி வருகிறீர்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலே கால். குட்டியானை வண்டியின் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், எங்கள் நாய் முத்து உங்கள் காலுக்கு நடுவே நிற்கிறான். வேகத்தடையில் வண்டி ஏறும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறீர்கள். அவன் விழுந்துவிடக் கூடாது என்று. அந்த ஒரு இடத்தை நாற்பது தடவையாவது திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன். அதனால்தான் வண்டி ஓட்டியவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவனுக்குக் காது கேட்காது. பிறவியிலிருந்தே துளிகூடக் கேட்காது.

இந்த நாலு நாளில் உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். கூப்பிட்டால் திரும்பமாட்டான். அதட்டினாலும் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். திமிர் என்று நினைத்து அடித்துவிடாதீர்கள், தம்பி. நீங்கள் வந்த ராத்திரி அவன் குரைக்காததும் இதனால்தான். ராஜபாளையம் நாய் இருக்கிற வீட்டு வாசலை அன்னியர் மிதித்தால் தெருவே எழுந்துவிடும். இவன் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தான். நீங்கள் வந்ததே அவனுக்குத் தெரிந்திருக்காது.

எங்களுக்கு அவன் வந்த கதையே இந்தக் காதால்தான். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண். ராஜபாளையம் நாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். 2005-ல் அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்ட ஜாதி. ஆனால் அந்த வெள்ளையிலேயே ஒரு குறையும் இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உள்காதிலும் இருந்தால்தான் காது கேட்குமாம். முழு வெள்ளைக் குட்டிகள் சிலவற்றுக்கு அங்கே அவை இருப்பதில்லை, அதனால் பிறந்த சில வாரத்திலேயே செவிடாகிவிடும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நாலு வருடத்துக்கு முன்னால் குட்டி பார்க்கப் போனபோது, வளர்க்கிறவர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். ஐந்து குட்டிகள் சிதறி ஓடின. ஒன்று மட்டும் என் சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டே இருந்தது. "இது விலைபோகாதும்மா, வேணும்னா சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார். அதுதான் முத்து. காசு கொடுக்காமல் வந்தவன்.

முத்து என்று பெயர் வைத்தது என் மாமியார். அந்தப் பெயரை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனாலும் தினமும் இருபது தடவையாவது கூப்பிடுவார். இப்போதும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் ஊர் சத்திரப்பட்டி. பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். எட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேச்சு காதில் விழாது. வேற்று நாய் ஒன்றும் அந்தப் பக்கம் வராது. இவன் மட்டும் கழிவுத் துணிக் குவியலில் சுருண்டு, தறிச் சத்தத்துக்கு நடுவே குறட்டைவிட்டுத் தூங்குவான். தீபாவளிக்கு ஊர் நாயெல்லாம் கட்டிலுக்கு அடியில் நடுங்கும்போது, இவன் வாசலில் உட்கார்ந்து வானத்து வெளிச்சத்தை வேடிக்கை பார்ப்பான்.

அவனோடு பேசுவது எப்படி என்று சொல்கிறேன். உங்களிடம் இருக்கிற வரைக்கும் உதவும். தரையில் காலை இரண்டு தடவை மிதியுங்கள், அதிர்வு தெரிந்து தலையைத் தூக்குவான். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் வா என்று அர்த்தம். கையைத் தாழ்த்தினால் உட்காருவான். தூங்கும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள், பதறிவிடுவான், பயத்தில் கடித்தாலும் கடித்துவிடுவான். மூக்கருகில் கையை நீட்டினால் வாசனை பிடித்துத் தானாகவே கண் திறப்பான். அப்புறம், வெயிலில் கட்டாதீர்கள். அந்த ரோஸ் மூக்கு ஒரே நாளில் வெந்து தோல் உரிந்துவிடும்.

விற்கலாம் என்று கொண்டுபோயிருந்தால், விவரம் தெரிந்த யாரும் வாங்கமாட்டார்கள். முதலில் பின்னால் நின்று கைதட்டித்தான் பார்ப்பார்கள். இணை சேர்த்துக் குட்டி எடுக்கலாம் என்றால் அதுவும் முடியாது. இந்தக் குறை குட்டிகளுக்கும் போகும் என்று டாக்டர் சொன்னதால் கருத்தடை செய்துவிட்டோம், வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பயமே இங்கேதான் இருக்கிறது. இது ஒன்றுக்கும் ஆகாத நாய் என்று தெரிந்ததும் உங்களோடு வந்தவர் என்ன செய்வார்? எங்கேயாவது ரோட்டோரம் அவிழ்த்துவிட்டுப் போகச் சொல்வார். தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். திருமங்கலம் கொல்லம் ரோட்டில் ராத்திரியெல்லாம் கேரளா லாரி போகிறது. மற்ற நாய் ஹாரன் கேட்டால் ஒதுங்கும். இவன் நடுரோட்டில் மோப்பம் பிடித்துக்கொண்டே நிற்பான். தொலைந்த நாயைத் தேடுகிறவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போவார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் மூன்று நாளாகக் கண்மாய்க் கரையிலும் ராஜபாளையம் ரோட்டிலும் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறோம். அவன் கண்ணில் பட்டால்தான் உண்டு.

போலீசில் மனு கொடுத்திருக்கிறோம், மறைக்கவில்லை. உங்களை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் சொந்தக்கார வக்கீல் சொன்னதைச் சொல்கிறேன். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303-வது பிரிவு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றால், குற்றம் நிரூபணமானாலும் ஜெயில் இல்லை, சமூக சேவைதான். எங்கள் முத்துவுக்கு விலை போட்டால் சைபர். சட்டமே திருப்பிக் கொடுக்கிறவருக்கு ஒரு வழி விட்டு வைத்திருக்கிறது. நாங்கள் அதற்கும் மேலே விடுகிறோம். நீங்கள் யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். தீபாவளிக்கு எடுத்துவைத்த 8,000 ரூபாய் இருக்கிறது. டீசலுக்கும் அலைச்சலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வரைக்கும் புதுத்துணி இல்லாமல் இருந்துகொள்வோம்.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ராத்திரி அவனை வீட்டுக்குள் கூப்பிடுவது அவள் வேலை. வாசல் விளக்கை மூன்று தடவை அணைத்துப் போடுவாள், தெருவில் எங்கே நின்றாலும் பாய்ந்து வந்து நிலைப்படியில் நிற்பான். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்பது மணிக்கு விளக்கைப் போட்டு அணைக்கிறவள், பத்து மணி வரைக்கும் சுவிட்சை விட்டுக் கையை எடுப்பதில்லை. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வீட்டுக்கே வரவேண்டியதில்லை, தம்பி. ஒன்பது மணிக்கு மேலே மளிகைக்கடை மூடியிருக்கும், அந்த நேரத்தில் தெருவில் வண்டியும் வராது. தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றால் எங்கள் விளக்கு தெரியும். அது அணைந்து எரிவதை அவன் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். அப்புறம் கயிற்றை விட்டுவிடுங்கள்.

முத்துவின் அம்மா